விரல் மேலே என்றால் டவுன்

கோடி வகுப்பறையின் டியூப்லைட்
சிக்கிய வண்டு போல் இரைகிறது.
நமக்குக் கேட்பதில்லை.
லெவாஷனுக்குக் கேட்கிறது,
கணக்கு டீச்சரின் குரலைவிட உரக்க.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு
ஒன்றரை வருஷமும்
ஒரு மின்வெட்டும் தேவைப்பட்டன.
சாட்ஸ்வொர்த் முழுக்க கரண்ட் போன காலையில்
எல்லோரும் உச்சுக்கொட்ட
இவன் காதிலிருந்து கைகளை எடுத்து
மேசைமேல் வைத்தான்,
இலை போடக் காத்திருப்பவன் மாதிரி.

விளக்கைக் கழற்றச் சொல்லிக் கடிதம் எழுதினேன்.
மற்ற பிள்ளைகளின் கண் கெடும் என்று பதில்.
இரண்டாவதற்குப் பதிலே இல்லை.
மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது
வாட்ச்மேன் செலே ஏணியோடு வந்து
கழற்றிக்கொண்டு போனார்.
"ஜன்னல் இருக்கே, மா."
அவ்வளவுதான்.

உதவியாளர் வேலையில் சேர்ந்த அன்று
அட்டை ஒன்று தந்தார்கள்:
'கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கவும்.'
அவன் பார்த்தது என் இடது காதுத் தோட்டை.
ஏழு கல் தோடு.
ஒரு கல் உதிர்ந்தது
எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது.
குழியைத் தொட்டுத் தொட்டு அழுதான்.
அட்டையை அலமாரிக்கு மேலே வீசினேன்.
இன்னும் அங்கேதான் கிடக்கும்.

இடைவேளைகளில் அவன் வேலியோரம்.
வேலிக்கு அப்பால் மினிபஸ் டாக்சிகள்.
விரல் மேலே என்றால் டவுன்.
கீழே என்றால் இங்கேதான், பக்கத்தில்.
பேச்சு இல்லை என்று
பதிவேட்டில் எழுதப்பட்ட பிள்ளை
வண்டிக்கு வண்டி விரல் நீட்டுவான்.
டிரைவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.
அதற்கு மட்டும் காதை மூடமாட்டான்.
அது அவன் கேட்டு வாங்கிய சத்தம்.

நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன்.
விளையாட்டில் சேர்க்கிறேன் என்று
பந்தை அவன் மடியில் வைத்தேன்.
தையல்களை எண்ணினான்.
எண்ணி முடித்ததும்
பந்தை அங்கேயே விட்டு நடந்துவிட்டான்.
பந்துக்காரன் காஷ்வின்
என்னைத்தான் முறைத்தான். நியாயம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
நான் ஒன்றும் செய்யவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
தெம்பேகா என்ற பெண்
அவனுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றாள்.
வணக்கம் இல்லை, பேர் கேட்கவில்லை.
விரலைக் கீழே காட்டினாள்.

அந்த விரலை
என் டீ ஆறும்வரை பார்த்தான்.
பிறகு காற்றில் ஒரு கதவைச்
சர்ரென்று இழுத்தான்.
அவள் ஏறினாள்.

வியாழனுக்குள் பதினைந்து பேர்.
யார் எந்த சீட் என்பது அவன் முடிவு.
ஜன்னலோரம் கேட்டவளுக்கு ஜன்னலோரம்,
அடித்துக்கொள்ளும் இருவருக்கு முன்னும் பின்னும்.
பதினாறாவதாய் வந்த காஷ்வினை இறக்கிவிட்டான்.
இடமில்லை.
காஷ்வின் முண்டியடித்து ஏற,
வண்டி உடைந்தது,
லெவாஷன் தரையில் விழுந்து
தலையை மோதிக்கொண்டான்.
தலைக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே
என் உள்ளங்கையைக் கொடுத்தேன்.
அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்றிருந்தேன்.
தெம்பேகா சொன்னாள்:
"டயர் பங்ச்சர். யாரும் இறங்காதீங்க."

வெறும் தரையில், வரிசை கலையாமல்
காத்திருந்தார்கள்.
மணி அடித்தது. காத்திருந்தார்கள்.
காஷ்வினும், சற்றுத் தள்ளி,
பந்தின்மேல் உட்கார்ந்து.
டீச்சர் ஒருவர் பிரம்பு இல்லாத கையோடு
கத்திக்கொண்டே வந்து,
பார்த்து, நின்று,
தானும் கடைசி சீட்டுக்குப் பின்னால்
நின்றுகொண்டார்.

மூச்சு அடங்கியதும் அவன் எழுந்தான்.
இன்னொரு சீட் போட்டான்,
டிரைவருக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் கேட்டருகே
அவன் அம்மா சரோஷினி
தினம் கேட்பதையே கேட்டாள்:
"இன்னிக்காவது பேசினானா?"
நான் வாயைத் திறக்குமுன்
எங்கோ பார்த்தபடி
அவன் விரல் என் பக்கமாய்க் கீழிறங்கியது.
அவளுக்குப் புரியவில்லை.
விளக்கிச் சொன்னேன், பாதி சரியாக.

திங்கட்கிழமை வந்து பார்த்தால்
இன்ஸ்பெக்ஷனுக்காகப்
புது டியூப்லைட் மாட்டியிருக்கிறார்கள்.
அவன் கைகள் மறுபடி காதில்.

கடிதம் எழுதவில்லை.
ஏணி எங்கே என்று
செலேயிடம் கேட்டேன்.